ஜன்னல் கம்பிக்கு அடியில் இருந்த ஆரஞ்சு

பொங்கலுக்கு முன்னால் ஊர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்தது. சுவருக்கு ஆள் பேசியாகிவிட்டது. மிச்சம் இருந்தது இரும்புச் சாமான்கள்தான். முன்வாசல் கேட், திண்ணை கிராதி, ஏழு ஜன்னல்களின் கம்பிகள், மொட்டை மாடிக்குப் போகும் இரும்பு ஏணி. தாத்தா 1962-ல் கட்டிய வீடு. கம்பிகளும் அப்போது வைத்தவைதான்.

பெயிண்டர் அண்ணன் அறுபதைத் தாண்டியவர். சுரண்டியால் ஒரு கம்பியை நெம்பினார். ஐம்பது பைசா அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. அதன் ஓரத்தைப் பார்த்தால், வெட்டிய மரத்தின் வளையம் மாதிரி அடுக்கடுக்காக நிறங்கள். மேலே சாம்பல், கீழே பிரவுன், பிறகு இரண்டு விதப் பச்சை, மெல்லிசாக ஒரு நீலம். எல்லாவற்றுக்கும் அடியில் பளிச்சென்று ஒரு ஆரஞ்சு. கம்பியைப் பார்த்தேன். அறுபது வருஷம் கழித்தும் ஒரு பொட்டு துரு இல்லை.

"இது ரெட் லெட் தம்பி. இப்ப வர்ற ரெட் ஆக்சைடு எல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்காது. அப்பல்லாம் பொடியா வாங்கி, லின்சீட் ஆயில்ல நாங்களே குழைச்சு அடிப்போம்" என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் உப்புத்தாள் போட்டு நாலு ஜன்னல் தேய்த்துவிட்டோம். கூடம் முழுக்க மாவு மாதிரி தூசி. அக்கா மகளுக்குப் பதினோரு மாதம். அவள் தவழ்வது அந்தக் கூடத்தில்தான். ஜன்னல் திண்டைப் பிடித்து எழுந்து நின்று கம்பியில் வாய் வைப்பது அவளுடைய தினசரி விளையாட்டு.

ராத்திரி சும்மா படுத்திருந்தபோது 'ரெட் லெட்' என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பிறகு தூக்கம் போய்விட்டது.

ரெட் லெட் என்பது ஈயம். ஈயத்தைக் காற்றுப்படச் சூடாக்கிக்கொண்டே போனால் முதலில் மஞ்சள் பொடி கிடைக்கும். அதை இன்னும் பக்குவமாகச் சூடேற்றினால் ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாறும். வடக்கே சிந்தூரம் என்ற பெயரில் விற்கப்பட்ட பொடிகளில் இதுவும் ஒன்று. ரோமானியர்கள் மினியம் என்றார்கள். ஐரோப்பாவில் பழைய கையெழுத்துப் பிரதிகளில் எழுத்துகளையும் படங்களையும் இந்த மினியத்தால் வரைந்தார்கள், அதனால்தான் அந்தப் படங்களுக்கு மினியேச்சர் என்று பெயர் வந்தது. சிறியது என்ற அர்த்தம் பின்னால் ஒட்டிக்கொண்டதுதான். (எனக்கு இது புதுச் செய்தி. அந்த ராத்திரியில் ரசித்த ஒரே செய்தியும் இதுதான்.)

இரும்புக்கு இது ஏன் இவ்வளவு ஒத்துப்போனது? எந்தப் பெயிண்டும் தண்ணீரை முழுசாகத் தடுப்பதில்லை. காய்ந்த படலத்தின் வழியாக ஈரமும் காற்றும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். ரெட் லெட்டை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால், எண்ணெயில் உள்ள அமிலங்களோடு ஈயம் சேர்ந்து ஒரு வகைச் சோப்பாகிறது. உள்ளே நுழையும் ஈரத்தில் அந்தச் சோப்பு மெல்லக் கரைந்து, சிதைந்து, இரும்பின் மேல் துருவை நிறுத்தும் பொருட்களைத் தருகிறது. அதாவது ஈரத்தையே வேலைக்கு வைத்துக்கொள்கிற பெயிண்ட். இரும்பைப் பளபளவென்று சுத்தம் செய்யாமல், லேசான துருவின் மேலேயே அடித்தாலும் பிடித்துக்கொள்ளும். வேலைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இரும்பால் கட்டியதில் பெரும்பகுதிக்கு அடியில் இந்த ஆரஞ்சு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 1890-ல் திறந்த ஃபோர்த் ரயில் பாலத்தின் பெயிண்டில் ஈயம். கடல் காற்றில் நிற்கும் அந்தப் பாலத்துக்கு ஒரு கோடியில் ஆரம்பித்து மறு கோடிக்குப் போவதற்குள் ஆரம்பித்த இடத்தில் திரும்ப அடிக்க வேண்டும் என்பார்கள். முடியாத வேலைக்கு அங்கே அதுவே சொலவடை. 2011-ல்தான் அந்தச் சொலவடை பொய்த்தது. பழைய பெயிண்டை எல்லாம் உருக்கு தெரியும்வரை நீக்கிவிட்டு, கண்ணாடிச் செதில் கலந்த எப்பாக்சி அடித்தார்கள். குறைந்தது இருபத்தைந்து வருஷம் தாங்கும் என்று கணக்கு. 1937-ல் திறந்த சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கும் முதல் பூச்சு ரெட் லெட்தான். நம் பாம்பன் பாலமும் 1914-லிருந்து உப்புக் காற்றோடு மல்லுக்கட்டியது. பக்கத்தில் 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் என்ற பூச்சு அடித்திருக்கிறார்கள்.

ஈபிள் கோபுரத்தின் கதை எங்கள் ஜன்னலுக்கு இன்னும் நெருக்கம். 1889-ல் எழுந்தது, சுமார் ஏழு வருஷத்துக்கு ஒரு முறை பெயிண்ட் அடிக்கப்பட்டு வந்தது. கிட்டத்தட்ட இருபதாவது தடவை வேலை ஆரம்பித்துப் பழைய அடுக்குகளைச் சுரண்டியபோது, 2021-ல் அங்கே ஈயத்தின் அளவு எகிறியது. வேலையை நிறுத்தினார்கள். புதுசாக அடித்த பெயிண்டால் வந்த வினை இல்லை அது. பழசைக் கிளறியதால் வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆரஞ்சு அடுக்கு மட்டும் ஈயம், மேலே இருந்த பச்சையும் நீலமும் யோக்கியம் என்று நான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. டப்பாக்களில் 'சிந்தெடிக் எனாமல்' என்று போட்டிருக்குமே, அந்த சிந்தெடிக் என்பது ஆல்கைட் என்ற ரெசினைக் குறிக்கும். 1920-களில் அமெரிக்காவில் உருவானது, ஆல்கஹாலையும் ஆசிடையும் சேர்த்து வைத்த பெயர். சீக்கிரம் காயும், கெட்டியாக நிற்கும், பீங்கான் மாதிரி மின்னும். பீங்கான் பூச்சுக்குத்தான் உண்மையில் எனாமல் என்று பெயர், பெயிண்ட் அதைக் கடன் வாங்கிக்கொண்டது. ரெசினில் ஈயம் கிடையாது. ஆனால் பளிச்சென்ற மஞ்சள் வேண்டும் என்றால் ஈய குரோமேட் போட்டார்கள். அதோடு நீலம் சேர்த்தால் பச்சை. சீக்கிரம் காய்வதற்கும் ஈயக் கலவை ஒன்றைச் சொட்டுவார்கள். தாத்தாவுக்குப் பிடித்த அந்த இரண்டு பச்சைகளை நினைத்துப் பார்த்தேன்.

இதெல்லாம் கெடுதல் என்று எப்போது தெரிந்தது? ரொம்ப காலமாகவே தெரியும். ஈய வேலை செய்பவர்களின் வெளுத்த முகத்தைக் காட்டி, தண்ணீர்க் குழாய்க்கு ஈயம் வேண்டாம் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். தொழில் நோய்களைப் பற்றி 1700-ல் புத்தகம் போட்ட இத்தாலிய மருத்துவர் ரமாசினி, ஓவியர்களின் உடம்பைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதினார். ஆங்கிலத்தில் ஈய நஞ்சால் வரும் வயிற்று வலிக்கே 'பெயிண்டர் வயிற்று வலி' என்று பெயர். ஆனால் எல்லாமே வேலை செய்பவனைப் பற்றிய பேச்சு. பெயிண்ட் காய்ந்த பிறகு அந்த வீட்டில் வாழ்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதைக் கண்டுபிடித்தது ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரத்தில்.

அந்த ஊர் வீடுகள் மர வீடுகள். கட்டைக் கால்களின் மேல் உயர்த்திக் கட்டி, சுற்றிலும் வராந்தா விட்டு, வராந்தாவுக்கு மரக் கிராதி போட்டிருப்பார்கள். நம் ஊர் மாதிரியே வெயில். குழந்தைகள் நாள் முழுக்க விளையாடுவது வராந்தாவில். கிராதிக்கு வெள்ளை ஈயம் கலந்த பெயிண்ட். 1890-களின் ஆரம்பத்தில் அங்கே குழந்தைகள் வயிற்று வலி, கை கால் பலவீனம், பார்வை மங்கல் என்று வந்தார்கள். குழந்தை மருத்துவர் ஜெஃப்ரிஸ் டர்னர், கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் ஆகியோர் 1892-ல் இது ஈய நஞ்சு என்று சொன்னார்கள். டர்னர் ஓய்வு நேரத்தில் அந்துப்பூச்சிகளைச் சேகரித்து வகைப்படுத்தியவர். சின்னதை உற்றுப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது.

நோய் தெரிந்தது. ஈயம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. இந்தக் குழந்தைகள் யாரும் ஈய வேலை செய்யவில்லையே! பன்னிரண்டு வருஷம் கழித்து, 1904-ல்தான் கிப்சன் கையை நீட்டிக் கிராதியைக் காட்டினார். வெயிலில் அந்தப் பெயிண்ட் பொடிப்பொடியாக உதிர்கிறது. குழந்தையின் ஈரக் கையில் ஒட்டுகிறது. விரல் சூப்பும் குழந்தை, நகம் கடிக்கும் குழந்தை அதை விழுங்குகிறது. அவ்வளவுதான். படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது, ஏனென்றால் அவர் எழுதியது எங்கள் கூடத்து ஜன்னலைப் பற்றித்தான்.

அவர் சொன்னதைச் சக மருத்துவர்கள் எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1922-ல்தான் குவீன்ஸ்லாந்து அரசு குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயிண்ட் கூடாது என்று சட்டம் போட்டது. அதற்கு முந்தின வருஷம் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, கட்டடத்தின் உள்பக்கம் வெள்ளை ஈயம் அடிப்பதற்கு எதிராக ஒரு ஒப்பந்தம் கொண்டு வந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை நிறுத்தியது 1978-ல். இந்தியாவில் வீட்டு, அலங்காரப் பெயிண்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016 நவம்பரில் வந்தது, அடுத்த வருஷம் நவம்பரிலிருந்து அமல். பிரிஸ்பேன் கிராதிக்கும் நம் விதிக்கும் நடுவே 112 வருஷம். எங்கள் ஜன்னல் அந்த இடைவெளிக்குள் பெயிண்ட் அடிக்கப்பட்டது. ஒருவேளை உங்கள் வீட்டு ஜன்னலும்.

வேறு வழியே இருந்திருக்கவில்லையா என்று கேட்கலாம். இருந்தது, அதுவும் அதே 1921-ல். ராபர்ட் ஃபெர்குசன் என்ற கப்பல் தலைவர், துருப்பிடித்த இரும்புத் தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் மட்டும் துரு பரவாமல் நின்றதைக் கவனித்தார். பல வருஷம் அதைப் பெயிண்டாக்க முயன்று, கடைசியில் அமெரிக்காவில் ரஸ்ட்-ஓலியம் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். மீன் எண்ணெய் துருவின் சந்துகளுக்குள் ஊறிப்போய் ஈரத்தை வெளியேற்றி உட்கார்ந்துகொள்ளும். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். நம் கடற்கரையில் மரத்தை ஈரமும் வெயிலும் தின்னாமல் இருக்க வள்ளங்களுக்கு மீன் எண்ணெய் பூசுவார்களே, அந்த வாடை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் ரெட் லெட்டை அது அசைக்கவில்லை. ஈயம் மலிவு, பழகியது, கண்ணெதிரே வேலை செய்தது.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். அக்காவையும் குழந்தையையும் மாமா வீட்டுக்கு அனுப்பினோம். கூடத்தைப் பெருக்கவில்லை. பெருக்கினால் தூசி மறுபடி எழும்பும். ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்து, துணிகளைப் பையில் கட்டிப் போட்டோம். குழந்தைகளின் உடம்பு விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவும் கிடையாது.

மிச்சமிருந்த மூன்று ஜன்னல்களில் உறுதியாக ஒட்டியிருந்த பெயிண்டைத் தொடவில்லை. உரிந்த இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே தேய்த்து, காயவிட்டு, பிரைமர் வைத்து, புது எனாமல் இரண்டு கோட்டு. எரித்துச் சுரண்டும் யோசனையை முளையிலேயே கிள்ளினேன். சூட்டில் ஈயம் புகையாகிவிடும். கேட்டையும் ஏணியையும் வெளியில், கீழே தார்ப்பாய் விரித்துச் செய்தோம். கூடுதலாக நாலு நாள் ஆனது.

பெயிண்டர் அண்ணனுக்கு முகமூடி வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது வருஷமா இதைத்தான் முழுங்கிட்டிருக்கேன். இப்ப மாட்டி என்ன தம்பி?" பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி, "அப்பப்ப வயித்தைப் புடுங்கி எடுக்கும். அல்சர்னு மாத்திரை குடுப்பாங்க" என்றார்.

அது அல்சராகவே இருக்கலாம். எனக்கு மருத்துவம் தெரியாது. அக்கா மகளைக் காட்டிய டாக்டரிடம் அவரைப் பற்றியும் கேட்டேன். இருவருக்குமே ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். குழந்தைக்கு ரத்தம் எடுத்துவிட்டோம், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோம். அண்ணனுடைய சீட்டு அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பொங்கல் வேலையெல்லாம் முடியட்டும் என்கிறார்.