அன்னம் அழுததா?



ஒரு பாட்டைக் கேட்டால் நெஞ்சு கனக்கிறது. இன்னொரு பாட்டைக் கேட்டால் கால் தானாகத் தாளம் போடுகிறது. பாட்டில் சொற்கள் இருந்தால், அவற்றின் பொருள் நம்மைத் தொட்டது என்று சொல்லிவிடலாம். சொல்லே இல்லாத வாத்திய இசைக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? மூன்று நிமிட அளவே உள்ள ஒரு சிறிய இசையின் வரலாற்றைக் கொண்டு இதற்கு விடை தேடுவோம்.

அந்த இசையின் பெயர் 'அன்னம்'. அதை இயற்றியவர் கமீல் சான்-சான்ஸ் என்னும் பிரெஞ்சு இசைமேதை. 1835-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிறந்த அவர், கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். பத்து வயதில் பியானோ மேடையேறிப் புகழ் பெற்றார். ஆனால் புகழ் துன்பத்தைத் தடுக்குமா? 1878-ஆம் ஆண்டில் அவருடைய இரண்டு ஆண் குழந்தைகளும் ஆறு வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோயின.

1886-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியில் அவர் மேற்கொண்ட கச்சேரிப் பயணம் கசப்பாக முடிந்தது. ஓய்வுக்காக ஆஸ்திரிய நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தங்கினார். அங்கே நண்பர்களைச் சிரிக்க வைப்பதற்காக 'விலங்குகளின் திருவிழா' என்ற இசைத்தொகுப்பை எழுதினார். சிங்கம், கோழி, ஆமை, யானை என்று அதில் மொத்தம் 14 பகுதிகள். பதின்மூன்றாவதாக வருவதுதான் 'அன்னம்'.

அன்னத்தைப் பார்க்கும் முன் ஆமையைப் பார்ப்போம். ஓஃபன்பாக் என்பவர் எழுதிய, குதித்து ஆடுவதற்கான வேகமான மெட்டு ஒன்று அன்று பாரிஸில் எல்லாருக்கும் தெரியும். சான்-சான்ஸ் அதே மெட்டை எடுத்து, மிக மிக மெதுவாக வாசிக்க வைத்து, "இதுதான் ஆமை" என்றார். மெட்டு அதுவே, வேகம் மட்டும் வேறு. ஆட்டம் ஊர்வதாகிவிட்டது! இசையின் உணர்ச்சியில் வேகத்திற்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இனி அன்னத்திற்கு வருவோம். இதில் மெட்டை வாசிப்பது செல்லோ. வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் உருவத்தில் பெரியது. உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழைத்து வாசிப்பார்கள். அதன் ஒலி கனிந்த மனிதக் குரல் போன்றது. முதலில் துணைக்கு இரண்டு பியானோக்கள் இருந்தன. பிறகு ஒரே பியானோவுக்கும் எழுதப்பட்டது. பியானோவின் சுரங்கள் சிற்றலைகளாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் மேல் செல்லோ நீண்ட சுரங்களாக மிதந்து செல்கிறது. நீருக்கு மேலே அசையாத கழுத்து, நீருக்கு அடியில் ஓயாத கால்கள். அன்னம் நீந்துவது அப்படித்தானே?

இதன் வேகத்தை 'ஆண்டன்டீனோ கிராத்ஸியோஸோ' என்று அவர் குறித்தார். நடை போன்ற மிதமான வேகம், நளினத்தோடு என்பது பொருள். ஒவ்வொரு தாளக்கட்டிலும் ஆறு எண்ணிக்கை. ஏணையில் குழந்தையைப் போட்டு ஆட்டும்போது, போவதற்கு மூன்றும் வருவதற்கு மூன்றும் எண்ணிப் பாருங்கள். அந்த அசைவு உங்களுக்கே விளங்கும்.

அடுத்து சுருதி. இது ஜி மேஜர். ஆர்மோனியக்காரர் வழக்கில் சொன்னால், ஐந்து கட்டையை ஸட்ஜமாக வைத்து, நம் சங்கராபரணத்தின் சுரங்களை வாசிப்பதாகும். மேஜர் என்பது தெளிவும் நிறைவும் உடைய சுரவரிசை. மேனாட்டார் துயரத்தைச் சொல்லப் பெரும்பாலும் மைனர் வரிசையை நாடுவர். இங்கே நடுவில் மைனர் சாயல் ஒரு நிழல் போல வந்து போகிறது. முடிவில் இசை மீண்டும் மேஜரிலேயே வந்து அமைதி கொள்கிறது. ஆகவே எழுதியவர் தீட்டியது ஓர் அமைதியான ஏரியை. அதில் அழகாக நீந்தும் ஒரு பறவையை.

அப்படியானால் உலகமே இதைச் சோக இசை என்று ஏன் எண்ணுகிறது? அதற்குக் காரணம் அன்னா பாவ்லோவா என்ற ரஷ்ய நடன மங்கை. அவருடைய தாய் துணி வெளுத்துப் பிழைத்த ஏழைத் தொழிலாளி. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில், மிக்கேல் ஃபோகின் என்பவர் இந்த இசைக்கு ஒரு தனி நடனம் அமைத்து அவரை ஆட வைத்தார். அதன் பெயர் 'இறக்கும் அன்னம்'. உயிருக்குப் போராடி, சிறகு தளர்ந்து, மெல்ல மடியும் பறவையாக அவர் ஊர் ஊராகச் சென்று ஆடினார். 1931-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அப்போது லண்டனில் இந்த இசையை வாசித்து, ஆளில்லாத மேடையில் விளக்கொளியை மட்டும் நகரவிட்டு அஞ்சலி செய்தார்கள்.

அன்று முதல் மக்கள் காதில் இந்த இசை வேறாகிவிட்டது. கலைஞர்கள் பலர் குறித்த வேகத்தைவிட மெதுவாகவே இழைக்கிறார்கள். சுரங்களில் ஒன்றுகூட மாறவில்லை. ஒரு பெண்ணின் ஆட்டமும், அவர் மரணமும், கேட்பவர் நினைவும் அதில் போய்ச் சேர்ந்துகொண்டன.

விளையாட்டாக எழுதிய தொகுப்பு தம் மதிப்பைக் குறைத்துவிடும் என்று அஞ்சிய சான்-சான்ஸ், தாம் உயிரோடு இருக்கும்வரை அதை அச்சிட விடவில்லை. 'அன்னம்' ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளித்தார். அது 1887-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் 1921-ஆம் ஆண்டில் காலமானார். மறு ஆண்டுதான் முழுத் தொகுப்பும் அச்சேறியது.

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தந்தை, தோல்வியோடு திரும்பிய பயணி, அழுகையை எழுதாமல் அமைதியை எழுதினார். அழுகையைப் பின்வந்தோர் சேர்த்தார்கள். இரண்டுமே உண்மையான உணர்ச்சிகள்தாம். நம் வீட்டிலும் அம்மா பாடிய தாலாட்டு, அவர் இருந்தபோது தூக்கம் தந்தது; அவர் மறைந்த பின் அதே தாலாட்டு கண்ணீர் தருகிறது அல்லவா?

இந்த இசை உங்கள் காதில் விழும்போது, ஒருமுறை ஏணையை நினைத்துக் கேளுங்கள். மறுமுறை அந்த வெறும் மேடையை நினைத்துக் கேளுங்கள். இசையில் இருப்பது எவ்வளவு, நாம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு என்பது உங்களுக்கே புலப்படும்.