பசியும் இறைப்பராமரிப்பும்

1798-ஆம் ஆண்டு இலண்டனில் ஆசிரியர் பெயர் குறிக்கப்படாத நூலொன்று வெளிவந்தது. மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றிய அந்நூலை எழுதியவர் தாமஸ் ராபர்ட் மால்தஸ். சர்ரே மாவட்டத்து ஓக்வுட் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில் துணைக்குருவாகப் பணியாற்றிய முப்பத்திரண்டு வயதினர். மக்கள்தொகை 1, 2, 4, 8 எனவும் உணவு 1, 2, 3, 4 எனவும் பெருகும் என்ற அவரது கணக்கைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் அந்நூலின் இறுதி இரண்டு இயல்களைப் பொருளியல் கற்றோரிலும் பலர் படித்திலர். அவை பொருளியல் அல்ல, இறையியல்.

மால்தஸ் கணக்கை மட்டும் கண்டவரல்லர். உழவுத்தொழிலாளரின் பிள்ளைகள் வளர்ச்சி குன்றியிருப்பதையும், பதினான்கு வயதெனத் தோன்றும் சிறுவனை வினவினால் பதினெட்டு என்பதையும் அந்நூலிலேயே பதிவு செய்திருக்கிறார். இக்காட்சி குருத்துவப் பணியில் இருந்தவர்க்கு வேறொரு வினாவை எழுப்பாமல் இராது. இறைவன் எல்லாம் வல்லவன், அன்புடையவன் என்றால், உணவுக்கு மிஞ்சிய வாய்களைப் படைக்கும் விதியை ஏன் வகுத்தான்?

அவர் கண்ட விடை துணிவானது. உலகம் மனிதனைச் சோதிக்கும் களம் அன்று. மண்ணிலிருந்து மனத்தை எழுப்பும் நெடிய படைப்புச் செயல். உடலின் தேவைகளே உறங்கும் மனத்தைத் தட்டி எழுப்புகின்றன. அங்ஙனம் உருப்பெறாத உயிர்கள் நிலையான நரகில் வேகா, மீண்டும் மண்ணாகும். திருச்சபைப் பெரியோர்க்கு இக்கருத்து உவப்பாக இல்லை. 1803-இல் நூலை விரித்தெழுதியபோது அவ்வியல்கள் இரண்டும் மறைந்தன. அவற்றின் இடத்தில் நின்றது அறிவுரை: குடும்பம் காக்கும் வருவாய் வரும்வரை திருமணத்தைத் தள்ளிப்போடுக. அதே பதிப்பில், இயற்கையின் விருந்தில் ஏழைக்கு இலை இல்லை என்னும் பொருள்பட ஒரு பகுதியும் புகுந்தது. எழுந்த கண்டனத்தால் 1806-இல் அதுவும் நீங்கியது. விருந்துப் பகுதி நீக்கப்பட்டதில் இழப்பில்லை. முன்னது நீங்கியதே பேரிழப்பு. அதன் விடை பிழையாக இருக்கலாம். ஆயினும் வினா நேர்மையானது.

1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கல்லூரிக்கு மால்தஸைப் பேராசிரியராக அமர்த்தியது. பிரிட்டனில் அரசியல் பொருளாதாரத்துக்கு அமைந்த முதல் பேராசிரியர் பதவி அதுவே. இந்தியாவை ஆளச் செல்லும் இளைஞர்களுக்கு, ஹெய்லிபரியில் நிலைபெற்ற அக்கல்லூரியில், 1834-இல் தாம் மறையும்வரை கற்பித்தார். கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கப்பலேறிய ஒரு தலைமுறை அவரிடம் பாடம் கேட்டது. அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்த ரிச்சர்ட் ஜோன்ஸும் குருவானவரே.

அம்மாணவர்களுள் ஒருவர் சார்லஸ் டிரெவெல்யன். பேராயருக்கு அடுத்த நிலையிலிருந்த ஆர்ச்டீக்கன் ஒருவரின் மகன், ஆழ்ந்த இறைப்பற்றாளர். இந்தியப் பணிக்குப்பின் 1840-இல் இலண்டன் கருவூலத்தின் உயர் அதிகாரியானார். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியபோது துயர்தீர்ப்புச் செலவு அவர் கைவழியே சென்றது. அரசு தானியம் விற்றால் வணிகர் ஒதுங்குவர் எனக் கருதி, 1846 கோடையில் அரசுத் தானியக் கிடங்குகளை மூட ஆணையிட்டார். கொள்கை வகுத்தோர் அமைச்சர்களே. பழி முழுவதையும் ஓர் அதிகாரியின் தலையில் ஏற்றுவது முறையன்று. ஆனால் 1848-இல் அயர்லாந்து நெருக்கடி பற்றி அவர் எழுதியது அவருடைய சொல்லே. பஞ்சம் இறைவனின் ஞானமும் இரக்கமும் கொண்ட செயல், நாட்பட்ட சமூக நோய்க்கு மருந்து என்றார். 1847 அறுவடையோடு அது முடிந்ததாகவும் எழுதினார். மக்களோ அதன்பின்னும் சில ஆண்டுகள் மடிந்தனர். மாண்டோர் ஏறக்குறைய 10 லட்சம்.

ஆசிரியருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் வினாவாக இருந்த பசி, மாணவரிடம் விடையாகிவிட்டது. சந்தை விதியும் இறை விதியும் ஒன்றே எனக் கொண்டபின் கிடங்கை மூடுவதும் பக்தியாகிறது.

கிறிஸ்தவமே இவ்விடைக்குக் காரணம் என்பாருக்கு மறுப்பாக நிற்பவர் ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ். அவரும் போதகர், அவரும் மால்தஸின் கருத்தை ஏற்ற பொருளியலார். ஏழைகளுக்குச் சட்டப்படி உதவி வழங்குவதை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர். 1819 முதல் 1823 வரை கிளாஸ்கோவின் செயின்ட் ஜான் பங்கில், ஏழை வரியின்றித் தேவாலயக் காணிக்கையையும் வீடுதோறும் செல்லும் சபைத் தொண்டர்களையும் கொண்டே வறுமையைச் சமாளிக்க முயன்றவர். இத்தகையவர் அயர்லாந்துப் பஞ்சத்தைக் கண்டு, 1847-இல், அரசு தாராளமாகப் பொருள் வழங்க வேண்டும் எனவும், கஞ்சிக்குரிய தானியத்தை மதுவாக வடிப்பதை நிறுத்த வேண்டும் எனவும் எழுதினார். தனிமனிதன் வறுமை வேறு, நாட்டின் பஞ்சம் வேறு என்பதே அவர் கண்ட பிரிவு. தம் கோட்பாட்டைத் தாமே ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் ஆற்றல் அந்த முதியவரிடம் இருந்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே அவர் மறைந்தார்.

டிரெவெல்யனின் கதை அயர்லாந்தோடு முடியவில்லை. 1859-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். இங்கு அவர் வேறு மனிதராகவே தோன்றினார். ஜேம்ஸ் வில்சன் கொணர்ந்த வருமான வரி முதலிய புதிய வரிகள் மக்களுக்குப் பெருஞ்சுமை எனக் கூறித் தம் மறுப்பை வெளிப்படையாக அச்சிட்டார். அதற்காகவே 1860-இல் திரும்ப அழைக்கப்பட்டார். அயர்லாந்தில் கருவூலத்தைக் காத்தவர் சென்னையில் குடிகளுக்காகப் பதவியிழந்தார். மனிதரை ஒரே செயலால் அளப்பது எளிதன்று.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், ஹெய்லிபரியின் மற்றொரு மாணவரான ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணக் கூலிக்கு அடிப்படையான தானியத்தை ஒன்றரைப் பவுண்டிலிருந்து ஒரு பவுண்டாகக் குறைத்தார். சிக்கனமே காரணம். அவ்வளவில் உழைக்கும் உடல் தாங்காது எனச் சென்னைச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார்.

டிரெவெல்யன் சென்னைக்கு அமைத்துத் தந்த மக்கள் பூங்காவின் நிலத்தில் பின்னாளில் ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கமும் எழுந்தன. அவ்வழியே செல்வோரில் அவர் பெயரை அறிந்தவர் சிலரே. அயர்லாந்திலோ, 1970-களில் பீட் செயின்ட் ஜான் இயற்றிய பாடலொன்றில், பசித்த பிள்ளைகளுக்காகத் தானியம் திருடி நாடு கடத்தப்பட்டவனின் கதையோடு அப்பெயர் ஒலிக்கிறது. விளையாட்டரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் அதை ஒருசேரப் பாடுகின்றனர்.