பாறை நாட்டில் பலகைச் சுவர்

பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள வட்டம் ஆனேக்கல். கன்னடத்தில் ‘ஆனே’ என்பது யானை; ‘கல்லு’ என்பது கல். பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைகள் நடமாடும் நிலம் இது என்பதால் ‘ஆனைக்கல்’ என்றே தமிழர் இப்பெயரைப் புரிந்துகொள்வர். ஆயினும் கன்னடத்தில் ஆலங்கட்டிக்கும் இச்சொல்லே வழங்கும். எப்பொருளைக் கொண்டாலும் ஊர்ப் பெயரில் கல் நிற்கிறது. அது பொருத்தமே. இப்பகுதி தென்னிந்தியாவின் மிகப் பழைய பாறைத் தளத்தின் மேல் அமர்ந்துள்ளது. பெங்களூரு லால்பாக் தோட்டத்தினுள் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகக் காக்கப்படும் தீபகற்ப நைஸ் பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். மேற்கே ராமநகரம் வழியாக வடக்கு தெற்காக நீளும் குளோஸ்பேட் கிரானைட் தொடர் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை உடையது.

இத்தகைய பாறை நாட்டில், வீட்டு மொட்டை மாடியிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ பிளைவுட் பலகையைச் சாய்த்து நிறுத்தி, அதில் செயற்கைப் பிடிகளைப் பொருத்தி ஏறிப் பழகுவது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். கடற்கரையில் வாழ்பவர் தொட்டியில் நீந்தக் கற்பது போன்ற முரண் அது. அம்முரண் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிய ஏற்றச் சுவரின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

பாறை ஏறுதல் தமிழருக்குப் புதிய செய்தி அன்று. மலையுச்சித் தேனடைகளை எட்டக் குறவர் மூங்கிலால் அமைத்த கண்ணேணிக்குச் சங்க இலக்கியம் ‘மால்பு’ என்று பெயர் தருகிறது. பனையேறிகள் இன்றும் தளைநாரைக் காலில் மாட்டி ஏறுகின்றனர். திருவிழாக்களில் வழுக்கு மரம் நிற்கிறது. மல்லர்கள் ஊன்றிய கம்பத்தில் பயின்ற மல்லர்கம்பம், உடலைச் செங்குத்துப் பொருளோடு பிணைத்துப் பழக்கும் கலையாக வளர்ந்தது. ஆனால் இவற்றுள் ஏறுதல் என்பது பிழைப்பு, வழிபாட்டுக் கொண்டாட்டம், மற்போர்ப் பயிற்சி என்ற மூன்றில் ஒன்றுக்கு உட்பட்டே இருந்தது. போர்க்காலத்தில் செங்குத்துப் பாறை அரணாகக் கருதப்பட்டது. மைசூர்ப் போரின்போது, 1791 டிசம்பரில், கார்ன்வாலிஸின் படை சாவனதுர்கத்தைக் கைப்பற்றியது பெரும் சாதனையாகப் பேசப்பட்டதற்குக் காரணம், அதன் பாறைச் சரிவே அதற்குக் கோட்டையாக இருந்தது என்பதுதான். ஏறுதலை ஏறுதலுக்காகவே பயில்வதும், அதற்கெனத் தனிச் சுவர் எழுப்புவதும் 20ஆம் நூற்றாண்டின் வழக்கம்.

அவ்வழக்கம் பாறை அருகில் இல்லாத இடங்களிலும், பாறை இருந்தும் வானிலை இடம் கொடாத இடங்களிலும் பிறந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிளார்க் ஷுர்மன் என்பவர் 1930களின் இறுதியில் வடிவமைத்த கற்குன்று, பயிற்சிக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய அமைப்புகளுள் ஒன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராக இருந்த டான் ராபின்சன் 1964இல் ஒரு தாழ்வாரத்தின் செங்கற் சுவரில் பாறைத் துண்டுகளைப் பதித்தார். மழையும் குளிரும் நீளும் நாட்டில், மாணவர்கள் ஆண்டு முழுதும் விரல் வலிமையைக் காத்துக்கொள்ள அத்தாழ்வாரம் உதவியது. செயற்கைச் சுவரின் அடிப்படைக் கருத்து அங்கேயே தெளிவாகிவிட்டது. மலையின் தோற்றத்தைச் சுவர் காட்ட வேண்டியதில்லை. மலை உடலிடம் கேட்கும் அசைவைக் கேட்டால் போதும்.

இதே காலத்தில் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஜான் கில் மற்றொரு திசையைத் திறந்திருந்தார். சீருடற்பயிற்சி வீரரான அவர், கயிறின்றிச் சிறு பாறைகளில் மிகக் கடினமான அசைவுகளைச் செய்வதையே தனிக் கலையாக வளர்த்தார். வியர்க்கும் கைகளுக்கு மக்னீசியம் கார்பனேட் பொடி பூசும் பழக்கத்தை 1950களில் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து பாறைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. உயரம் முக்கியமன்று, அசைவே முக்கியம் என்ற அவருடைய நோக்கு இல்லையெனில், பத்தடி உயர வீட்டுச் சுவருக்கு மதிப்பே இருந்திராது.

அடுத்த திருப்பம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. வொல்ஃப்காங் கூலிஷ் 1988இல் நியூரம்பெர்கின் ‘காம்பஸ்’ உடற்பயிற்சிக் கூடத்தில் சாய்ந்த பலகையொன்றில் மரச்சட்டங்களை ஏணிப்படி போல அறைந்து, கால் படாமல் கைகளால் மட்டும் தாவி ஏறிப் பழகினார். அப்பலகைக்குக் ‘காம்பஸ் போர்டு’ என்ற பெயர் நிலைத்தது. 1991இல் ஃபிராங்கன்யூரா பகுதியில் அவர் ஏறிய ‘ஆக்ஷன் டைரக்ட்’ பாதை, அதுவரை எவரும் எட்டாத கடினத்தை எட்டியது. அப்பாதையின் தாவல்களை அவர் அப்பலகையில்தான் முன்கூட்டிப் பயின்றார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நிலவறைகளிலும் பழைய கட்டடங்களிலும் அமைந்த பலகைகள் இவ்வழியைத் தொடர்ந்தன. 1993இல் அங்கே ‘ஸ்கூல் ரூம்’ தொடங்கிற்று. அதே மரபில் வந்த பென் மூன் 2005இல் உருவாக்கிய ‘மூன்போர்டு’, பிடிகள் அமரும் இடம், பலகையின் சாய்வு ஆகியவற்றை எங்கும் ஒன்றாக வரையறுத்தது. 11 நிரல், 18 வரிசை. ஒரு பிடிக்கும் அடுத்ததற்கும் 20 சென்டிமீட்டர். சாய்வு 40 பாகை. ஷெஃபீல்டில் ஒருவர் அமைத்த வழியை உலகின் வேறொரு மூலையில் இருப்பவர் அதே வடிவில் ஏற முடிந்தது. வீட்டுப் பலகையில் தனித்துப் பயில்பவர் தம் வலிமையைப் பிறருடையதோடு ஒப்பிட்டறிய வழி பிறந்தது.

போட்டிகளின் வரலாறும் இதனோடு இணைந்தது. 1985இல் இத்தாலியின் பார்டோனெக்கியாவில் நடந்த புகழ்பெற்ற தொடக்ககாலப் போட்டி இயற்கைப் பாறையிலேயே நடந்தது. கூட்டமும் ஏற்பாடுகளும் பாறையையும் சுற்றுப்புறத்தையும் பாதிப்பது உணரப்பட்டபின் போட்டிகள் செயற்கைச் சுவர்களுக்குப் பெயர்ந்தன. ஆகவே செயற்கைச் சுவர் பாறைக்கு மாற்று மட்டுமன்று. பாறைக்குக் காப்பாகவும் இருந்துள்ளது.

இந்தியாவில் மலையேற்றக் கல்வி இமயத்தை நோக்கியே தொடங்கியது. எவரெஸ்ட் வெற்றிக்கு மறு ஆண்டான 1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டு, டென்சிங் அதன் களப்பயிற்சித் தலைவரானார். தெற்கே கதை வேறு. இங்கே பனியில்லை, ஊர் தோறும் பாறை உண்டு. ராமநகரம், சாவனதுர்கம், துரஹள்ளி, பாதாமி, ஹம்பி எனக் கருநாடகப் பாறைகள் ஏறுவோர்க்குப் பள்ளிகளாயின. பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்க வளாகத்தில் எழுந்த செயற்கைச் சுவர் நகர இளைஞர் பலருக்கு முதல் ஆசிரியர். தேனி மாவட்டத்தில் பிறந்து, சித்ரதுர்கக் கோட்டையில் குரங்குகளின் அசைவைப் பார்த்துப் பயின்று, ‘கோத்தி ராஜ்’ எனக் கன்னட நாடெங்கும் அறியப்பட்ட ஜோதிராஜின் பள்ளி கோட்டை மதிலே. 2016இலும் 2017இலும் உலகக் கோப்பை போல்டரிங் போட்டிகள் நவி மும்பையில் நடந்தன. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சுவரேற்றம் முதன்முறையாக இடம்பெற்றது.

அப்படியிருக்க, பாறை நாட்டினர் பலகையை நாடுவது ஏன்? விடை பாறையின் அண்மைக்கால நிலையில் உள்ளது. ‘ஷோலே’ படத்தால் நாடறிந்த ராமநகரப் பாறைகளில் நீள்மூக்குப் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோபினாக் மருந்தால் இந்தியா முழுதும் கழுகினம் அழிவின் விளிம்புக்குச் சென்றது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. எஞ்சிய கழுகுகளைக் காக்க ராமதேவரபெட்டா 2012இல் கழுகுச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூடு கட்டும் பாறையில் மனிதர் ஏறுவது பறவைக்கு இடையூறு. எனவே அங்கே ஏறுவோர் விலக வேண்டியிருப்பது நியாயமே. நகரின் தென்மேற்கே உள்ள துரஹள்ளி காப்புக்காடு. அங்கே மரப்பூங்கா அமைக்கும் திட்டத்துக்கு எதிராக 2021இல் குடிமக்கள் குரலெழுப்பியபோது, காடாகவே அது இருக்க வேண்டும் என்பதே அவர்கள் வாதம். பறவைக்கும் காட்டுக்கும் விட்டுக்கொடுப்பது இழப்பே எனினும் பொருளுள்ள இழப்பு.

மூன்றாவது இழப்புக்கு அத்தகைய ஆறுதல் இல்லை. ஆனேக்கல் வட்டத்தின் ஜிகணி, கிரானைட் கற்களை அறுத்து மெருகேற்றும் தொழிற்கூடங்கள் செறிந்த இடம். பல குவாரிகளின் பாறைகள் அங்கே வந்து பலகைகளாகி, சமையலறை மேடையாகவும் தரையாகவும் வெளியேறுகின்றன. இத்தொழிலில் பல குடும்பங்களின் உணவு உள்ளது. அதை எளிதில் பழித்துவிட இயலாது. ஆயினும் குவாரியில் வெடித்துப் பிளந்த குன்று திரும்ப வளராது. 250 கோடி ஆண்டுப் பாறை ஒரு தலைமுறைக் காலத்தில் தரை ஓடாகிவிடுகிறது. ஏறத் தகுந்த பிடிப்பும் சொரசொரப்பும் கொண்ட அதே கல், மெருகேறியபின் விரல் வழுக்கும் கண்ணாடியாகிறது.

இவற்றோடு நேரமும் சேர்கிறது. பொம்மசந்திரா, அத்திபெலே, சந்தாபுரம் தொழிற்பேட்டைகளில் முறைமாற்றிப் பணிபுரிபவர், வார நாளில் போக்குவரத்து நெரிசலைக் கடந்து நகர மையத்துச் சுவரையோ தொலைப் பாறையையோ எட்டுவது அரிது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கூடங்கள் அடைபட்டன. உலகெங்கும் ஏறுவோர் வீட்டிலேயே பலகை எழுப்பினர். லீட்ஸில் மழை செய்ததை இங்கே தூரமும் நெரிசலும் நோயும் செய்தன.

வீட்டுப் பலகையின் கணக்கு எளியது. அதைப் பிழையாகச் செய்தால் விலை பெரிது. சந்தையில் கிடைக்கும் பிளைவுட் தாள் எட்டடிக்கு நான்கடி. 18 மில்லிமீட்டர் தடிமனும், மழைச்சாரல் படும் இடமாயின் ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற மரைன் தரமும் வேண்டும். செங்குத்திலிருந்து 40 பாகை சாய்த்தால் எட்டடிப் பலகை உயரத்தில் ஏறத்தாழ ஆறடியும், முன்நீட்சியில் ஐந்தடிக்குச் சற்று மேலும் எடுக்கும். பன்னிரண்டடிப் பலகைக்கு ஒன்பதேகால் அடி உயரம் தேவை. அடியில் முக்காலடிக் கால்பலகை சேர்ந்தால் பத்தடிக் கூரைக்குள் அது சரியாக அடங்கும். பிடிகளைத் தாங்கும் டி-நட்டுகளைப் பலகையின் பின்புறத்தில், சட்டத்தில் ஏற்றும் முன்பே அறைந்துவிட வேண்டும்; பிறகு எட்டாது. இன்றைய கான்கிரீட் தூண் வீடுகளில் இடைச்சுவர்கள் சுமை தாங்கக் கட்டப்படுவதில்லை. உட்குழிந்த சிமென்ட் கட்டிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பலகை, தாவி விழும் உடலின் இழுவையைத் தாங்காது. தரையில் தானே நிற்கும் மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ அமைப்பதே பாதுகாப்பு. விழும் பரப்பு முழுதும் இடைவெளியின்றி மெத்தை வேண்டும். இரு மெத்தைகளுக்கு இடையிலுள்ள பிளவில்தான் கணுக்கால் திரும்பும்.

உடலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தசை சில வாரங்களில் வலுப்பெறும்; விரல் எலும்போடு நாணைப் பிடித்துவைக்கும் தசைநார் வளையங்கள் வலுப்பெற மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் வீட்டுப் பலகை, ஓய்வை மறக்கச் செய்யும். வளரும் பிள்ளைகளின் விரல் எலும்பு முனைகள் முற்றாதவை. கூலிஷின் பலகைப் பயிற்சி அவர்களுக்கு உரியதன்று.

செலவும் இடமும் மற்றொரு வரம்பு. வாடகை வீட்டில் சட்டம் எழுப்ப உரிமையாளர் இசைய வேண்டும். ஓரறைக் குடியிருப்பில் ஐந்தடி முன்நீட்சிக்கு இடமில்லை. கோட்டைச் சுவரும் ஊர்ப் பாறையும் எவரிடமும் கட்டணம் கேட்டதில்லை. மதிலில் குரங்கைப் பார்த்துக் கற்றவர் போன்ற ஒருவர் நாளை தோன்றுவதற்கு, வீட்டுக்குள் அடங்கும் பலகை ஒருபோதும் ஈடாகாது. எனவே பலகைச் சுவரின் பெருக்கத்தை வளர்ச்சி என்று மட்டும் எண்ணுவது பாதி உண்மை. பறவைக்கு விட்ட பாறை பறவையிடமும், காட்டுக்கு விட்ட பாறை காட்டிடமும் இருக்கும். ஏறுவோர் அதன் பொருட்டு வீட்டுக்குள் பயில்வது ஏற்கத் தக்கது. குவாரிக்கு விட்ட பாறை எவரிடமும் இருக்காது.

டான் ராபின்சன் தாழ்வாரத்தில் பதித்தவை உண்மையான பாறைத் துண்டுகள். மாணவர் அங்கே பயின்றது வெளியே நின்ற பாறைகளுக்குத் திரும்பிச் செல்வதற்காக. ஆனேக்கல் வீட்டு மாடியில் நிற்கும் பலகைக்கும் அதுவே நோக்கமாக இருக்க முடியும். திரும்பிச் செல்லக் குன்றுகள் எஞ்சியிருக்கும் வரை.