அன்றாடக் கணக்கும் அதன் ஓவியமும்

ஒருவர் தம் அன்றாட வாழ்வின் நிகழ்ச்சிகளை எண்ணிக் கணக்கிட்டு, அக்கணக்கைப் படமாக வரைந்து பிறர் காண வைக்கும் வழக்கம், இந்நூற்றாண்டில் மேலைநாடுகளில் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. கணிப்பொறியும் கைப்பேசியும் தந்த புதுவரவு இஃது என்பார் பலர். வரலாற்றை நோக்கின் அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். எண்ணுதலும் பழையது, வரைதலும் பழையது. இவ்விரண்டும் எவ்வாறு கூடின, கூடியபின் அவற்றிற்குப் பொருள் தருவது யாது என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினாக்கள்.

தம்மைத் தாமே அளந்தவருள் முன்னோடி இத்தாலிய மருத்துவர் சாண்டோரியோ. துலாக்கோலிற் பிணைத்த நாற்காலியில் அமர்ந்து, தம் உடலின் எடையையும் உண்பனவற்றின் எடையையும் கழிவின் எடையையும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிறுத்துவந்தார். உண்டதற்கும் கழித்ததற்கும் இடைப்பட்ட வேறுபாடு, கண்ணுக்குப் புலனாகாத வியர்வையாய் வெளியேறுகின்றது என்பது அவர் கண்ட முடிபு. 1614இல் அவர் வெளியிட்ட நூல் சூத்திரம் போன்ற குறுவாசகங்களால் ஆயது. அதன்கண் முடிபுகள் உள. அவற்றைத் தந்த நாட்கள் இல.

அந்நாட்களுக்குத் தாளில் இடம் தந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். இளமையில் தாம் மேற்கொண்ட ஒழுக்கப் பயிற்சியை, 1784இல் அந்நாளில் பாரிசுக்கு அண்மையில் அமைந்திருந்த பாசியில் இருந்து எழுதிய தன்வரலாற்றுப் பகுதியில் அவர் விளக்குகின்றார். பண்புகள் பதின்மூன்று, ஒவ்வொன்றிற்கும் ஒரு பக்கம். அப்பக்கத்தில் செம்மையால் கோடிட்டுக் கிழமைக்கொரு பத்தியாக ஏழும், பண்பிற்கொரு வரிசையாகப் பதின்மூன்றும் அமைத்தார். பிழை நேர்ந்துழி அவ்விடத்தே கரும்புள்ளி இட்டார். வாரம் ஒரு பண்பைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டால், ஓர் ஆண்டின் ஐம்பத்திரண்டு வாரங்களில் நான்கு சுற்று முடியும். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் துளைபட்டமையால், பின்னர் யானைத் தந்த ஏட்டிற்கு அவ்வட்டவணையை மாற்றிக் கரிக்கோலாற் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். துடைக்கப்படுதற்கென்றே எழுதிய கணக்காதலின், அஃது எழுதியவர்தம் பயன்பாட்டிற்கே உரியது.

பிறர்க்குக் காட்டும் வரைபடமோ வேறு வழியில் வளர்ந்தது. ஜோசப் பிரீஸ்ட்லி 1765இல் வெளியிட்ட வாழ்க்கைப் படத்தில் ஏறத்தாழ ஈராயிரம் பெருமக்களின் வாழ்நாட்கள் கோடுகளாக நின்றன. ஐயத்திற்கிடமான காலம் புள்ளிகளாற் காட்டப்பட்டது. 1786இல் வில்லியம் பிளேஃபேர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளை வளைகோடுகளால் வரைந்தார். முன்னது சான்றோர் வாழ்வு; பின்னது நாட்டின் வாணிகம். எளிய ஒருவரின் நாள் அப்படங்களில் இடம்பெறவில்லை.

இவ்விரு நெறிகளும் கூடியமைக்குச் சிறந்த சான்று, நியூயார்க்கைச் சேர்ந்த வடிவமைப்பாளர் நிக்கலஸ் ஃபெல்டன் 2005 முதல் 2014 வரையிலான தம் வாழ்வைக் குறித்து வெளியிட்ட ஆண்டறிக்கைகள். நிறுவனங்களின் அறிக்கை வடிவில் தனியொருவரின் பயணமும் உணவும் படமாயின. அவற்றுள் 2010ஆம் ஆண்டிற்குரியது தனித்து நோக்கற்பாலது. அவ்வாண்டு மறைந்த தம் தந்தையாரின் வாழ்வை, அவர் விட்டுச்சென்ற நாட்காட்டிகள், ஒளிப்படங்கள் முதலியவற்றிலிருந்து தொகுத்து அதில் வரைந்தார். தந்தையார் அவற்றை மகனின் படத்திற்கென்று சேர்த்துவைத்தாரல்லர். எஞ்சிய தாள் எதுவோ அதுவே எண்ணப்பட்டது. தாளில் எழுதப்படாத வாழ்வு படத்திற்கு வெளியே நின்றுவிட்டது.

இக்குறை கணக்கின் இயல்பு என்பதை உணர்ந்து செய்யப்பட்டது, 2014 செப்டம்பரில் தொடங்கிய மற்றொரு முயற்சி. நியூயார்க்கில் வாழ்ந்த இத்தாலியரான ஜார்ஜியா லூபியும், இலண்டனில் வாழ்ந்த அமெரிக்கரான ஸ்டெஃபானி பொசாவெக்கும் ஐம்பத்திரண்டு வாரங்கள் ஒருவர்க்கொருவர் அஞ்சலட்டை விடுத்தனர். வாரம் ஒரு பொருள்: நேரம் பார்த்தமை, முறையிட்டமை, நன்றி கூறியமை, சிரித்தமை எனப் பல. அட்டையின் ஒருபுறம் கையால் வரைந்த படம். மறுபுறம் முகவரியும், எந்த நிறமும் கோடும் எதனைக் குறிக்கும் என்னும் குறிவிளக்கமும். எண்ணிய பொருள் ஒன்றாயினும் இருவர் வரைந்த படங்களும் ஒத்தில. எதனைப் பிரித்து எண்ணுவது, எதற்கு எக்குறி தருவது என்பன எண்ணுவோர் தாமே தேர்பவை ஆதலின் என்க. நூற்றுநான்கு அட்டைகளும் 2016இல் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத் தொகுப்பில் இடம்பெற்றன.

இவற்றைத் தொகுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை தெளிவாகும். பிராங்க்ளினின் புள்ளிக்கு விளக்கம் அவர் நெஞ்சிலேயே இருந்தது. லூபியும் பொசாவெக்கும் விளக்கத்தைப் படத்தோடு அனுப்பினர். எண் தானே பேசுவதன்று. குறிவிளக்கமே அதனைப் பேசுவிக்கின்றது. இன்று கைப்பேசி நாம் வேண்டாமலே நம் அடிகளை எண்ணுகின்றது. எண்ணற்கியன்றதையே அஃது எண்ணும். சொல்லாது விட்ட நன்றியை அஃது அறியாது. நாளை இக்கணக்குகளைக் கொண்டு நம் காலத்தவர் வாழ்வை எழுதப் புகும் ஆய்வாளர், முதற்கண் வினவ வேண்டுவது எத்துணை எண்ணப்பட்டது என்பதன்று; எண்ணுதற்குரியது எது என்று துணிந்தவர் யார் என்பதே. அவ்விடை கிட்டாதவழி, எத்துணை அழகிய படமாயினும் உரையின்றி விளங்காச் சூத்திரமாகவே எஞ்சும்.