ரெண்டு புத்தகம் எழுதின டாக்டர் பார்க்கின்சன்

போன வாரம் எங்க பெரியப்பா போன் பண்ணினார். அவருக்குக் கவுட். யூரிக் ஆசிட்டைக் குறைக்க தினமும் மாத்திரை போடுறார். "யூரிக் ஆசிட் அதிகமா இருந்தா பார்க்கின்சன் வராதாமேடா, மாத்திரையை நிறுத்திடவா?"ன்னு கேட்டார். வாட்ஸ்அப் உபயம். ஆனா இந்த ஒரு வரிக்குப் பின்னாடி 200 வருஷக் கதை இருக்கு.

லண்டன் ஹாக்ஸ்டன்ல இருந்த டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-ல நடுக்குவாதம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். மொத்தமே ஆறு பேரோட கதைதான். அதுலயும் சிலரை அவர் தெருவுல பார்த்ததோட சரி! ஆனா அதுக்கு 12 வருஷம் முன்னாடி, 1805-ல, அவர் கவுட் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அவருக்கே கவுட் இருந்தது. ரெண்டு நோயையும் எழுதினது ஒரே கைதான். ரத்தத்துல யூரிக் ஆசிட் இருக்குன்னு ஆல்ஃப்ரெட் கேரட் காட்டினது 1848-ல. அப்போ பார்க்கின்சன் உயிரோட இல்ல.

அதுக்கப்புறம் ரொம்ப காலம் யூரிக் ஆசிட் வில்லன்தான். 1981-ல புரூஸ் ஏம்ஸ் குழு கதையை மாத்தினாங்க: இது செல்களைக் காக்கிற ஆன்டிஆக்சிடன்ட்டாவும் இருக்கலாம்னு சொன்னாங்க. 1996-ல ஹோனலூலு ஆய்வு வந்தது. அங்க ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் சுமார் 8,000 பேரை 1960-கள்லருந்து கவனிச்சுட்டு வந்தாங்க. யூரிக் ஆசிட் அதிகமா இருந்தவங்களுக்குப் பார்க்கின்சன் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் கம்மி.

சரி, அப்போ ஏத்திவிட்டா போச்சேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா சர்வர் லாக்ல ரெண்டு வரி ஒண்ணா வருதுங்கிறதுக்காக, ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு சரியாகிடாதே! அமெரிக்காவுல அதைச் சோதிச்சே பார்த்தாங்க. நோயோட ஆரம்பக் கட்டத்துல இருந்த 298 பேர்ல பாதிப் பேருக்கு ஐனோசின், மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை. ஐனோசின் சாப்பிட்டவங்களுக்கு யூரிக் ஆசிட் நல்லாவே ஏறுச்சு. நோய் வேகம் மட்டும் குறையல. பலன் தெரியலன்னு பாதியிலயே நிறுத்திட்டாங்க, 2021-ல முடிவு வெளியாச்சு. அந்தப் பக்கம் சிறுநீரகக் கல் வந்தவங்கதான் அதிகம்.

பெரியப்பாகிட்ட இதைத்தான் சொன்னேன். கல்லுன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சரி, ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கறேன்"ன்னு வெச்சுட்டார்.