மோரிஸ் மைனர்: தாத்தா காலத்து குட்டி காரின் கதை தெரியுமா?

வீட்டில் இருக்கும் பழைய ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ எடுத்த ஏதோ ஒரு படத்தில், உருண்டையான குட்டி கார் ஒன்று நிற்கலாம். அது மோரிஸ் மைனராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எங்கே பிறந்தது?

1948 அக்டோபரில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் உள்ள கௌலியில் தயாரானது. மாதிரி கார் ஒடுக்கமாகத் தெரிந்ததால், அதை நடுவில் வெட்டி 4 அங்குலம் அகலப்படுத்தினார். பானெட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளம்தான். 10 லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. 1971-ல் தயாரிப்பு நின்றது.

மலாயாவுக்கு ஏன் வந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன் கடனில் தவித்தது. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்கே அங்கு இரும்பு முன்னுரிமையில் கிடைத்தது. அதனால் கார்கள் கப்பலேறின. அதே காலத்தில் பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்தது எது தெரியுமா? மலாயா ரப்பர்! விடியும் முன்னே எழுந்து பால்மரம் வெட்டிய நம்மவர்களின் உழைப்பும் அந்தக் கடனைச் சுமந்தது.

யார் ஓட்டினாங்க?

அன்றைய தோட்டத்தில் கார் என்றால் பெரும்பாலும் துரையின் கார்தான். மரம் வெட்டியவருக்கு சைக்கிளே பெரிய சொத்து. ரப்பரை உருவாக்கியவர்கள், அந்த ரப்பர் டயரில் ஓடிய காரை ஓரமாக நின்றுதான் பார்த்தார்கள்.

எந்த வருஷத்துக் கார்?

முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் அது 1956-க்கு முந்தைய வடிவம். ஒரே கண்ணாடி என்றால் 948 சிசி இன்ஜினோடு வந்த 'மைனர் 1000' அல்லது அதற்கும் பிந்தியது. திரும்பும்போது பக்கவாட்டில் கை மாதிரி நீளும் சிக்னல் 1961 வரை இருந்தது.

கெடாவுக்கு இன்னொரு தொடர்பு!

இஸ்ஸிகோனிஸ் 1959-ல் கொடுத்த அடுத்த கார்தான் மினி. பிற்பாடு அந்தப் பெயர் பிஎம்டபிள்யூ கைக்குப் போனது. 2013-ல் மினி கண்ட்ரிமேன் நம்ம கூலிமிலேயே பொருத்தப்பட்டது. அன்று காரை வேடிக்கை பார்த்த மாநிலம், பிறகு அதைப் பூட்டிக் கொடுத்தது.

இப்போ அந்த ஆல்பத்தை மறுபடி எடுங்க. கார் யாருடையது, பக்கத்தில் நிற்பவர் யார், எந்தத் தோட்டம் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, படத்தின் பின்னால் எழுதி வையுங்க. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்க.