பழங்கற்படி

1905-ஆம் ஆண்டில் திருவாலங்காட்டில், ஒரே வளையத்தில் கோத்து, சோழ முத்திரை பொறித்த 31 செப்பேடுகள் வெளிப்பட்டபோது, அறிஞர் உலகம் அவற்றில் முதலில் கண்டு களித்தது சோழர் குலத்தின் வம்சாவளியையும், கங்கை நீரைக் கொணர்வித்த முதலாம் இராஜேந்திரன் நீர்மயமானதொரு ஜயஸ்தம்பமாகச் சோழகங்கம் என்னும் ஏரியைக் கண்ட செய்தியையுமேயாகும். நாராயணன் என்னும் கவி வடமொழியில் யாத்த அப்பகுதியின் பெருமையை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும், அதனைத் தொடர்ந்து வரும் நீண்ட தமிழ்ப் பகுதியே என் மனத்தை அதிகமாக ஈர்த்திருக்கிறது. ஏனெனில் அது ஒரு கணக்கு. பிராமணர்க்குரிய பிரமதேயமாயிருந்த பழையனூர் அந்நிலை மாறி, வேளாளர் பயிரிடும் வெள்ளான்வகையாகித் திருவாலங்காட்டு மகாதேவர்க்குத் தேவதானமாயிற்று என்பதும், அவ்வூரின் எல்லை எங்கெங்கே செல்கிறது என்பதும், அதனால் இறைவனுக்கு ஆண்டுதோறும் சேரவேண்டியது எவ்வளவு என்பதும் அதில் பொறுமையோடு எழுதப்பட்டிருக்கின்றன. கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர் தீயில் இறங்கினர் என்று நீலி கதை சொல்லுகிறதே, அந்தப் பழையனூர்தான் இது. சாட்சியத்தை உயிரினும் பெரிதாக மதித்ததாகப் புகழ்பெற்ற ஊரின் கணக்கு செம்பில் நிலைத்தது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தருகிறது.

அக்காலத்து அரசாங்கக் கணக்கு செம்பில் பிறந்ததன்று, ஓலையில் பிறந்தது. அரசன் திருவாய்மொழிந்ததைத் திருமந்திர ஓலை எழுத, ஓலைநாயகங்கள் அதனை ஒப்புநோக்க, புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் பதிய, அதன் பின்னரே நாட்டார் பிடி சூழ்ந்து, அதாவது பெண்யானையை எல்லையைச் சுற்றி நடத்தி, எல்லை காட்டி, அறவோலை செய்து கொடுப்பது மரபாயிருந்தது. நெதர்லாந்து தேசத்து நகரம் ஒன்றின் பெயரால் லெய்டன் செப்பேடு என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேட்டிலும் இதே ஒழுங்கைக் காண்கிறோம்: நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு 97 வேலிக்கு மேற்பட்ட நிலத்திலிருந்து 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல் சேரவேண்டும் என்று இராஜராஜன் வாயால் இட்ட ஆணையை, அவன் மறைந்தபின் மகன் சாசனமாக்கி நிலைபெறச் செய்தான். இத்தனை அதிகாரிகள் இத்தனை கவனத்தோடு எழுதிய அந்த வரிப்பொத்தகங்களில் ஓர் ஓலையேனும் இன்று நம் கைக்கு எட்டவில்லை. கரையானும் ஈரமும் அவற்றை உண்டுவிட்டன. செம்பிலும் கல்லிலும் எவற்றுக்குப் படி எடுத்தார்களோ அவை மட்டுமே பிழைத்தன.

கல்லும் அழியக்கூடியதே என்பதை அம்முன்னோர் உணர்ந்திருந்தனர். கண்டராதித்தரின் தேவியான செம்பியன் மாதேவியார், காவிரியின் வடகரையிலுள்ள திருக்கோடிகாவலில் பழைய கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, அங்குக் கிடந்த பழங்கற்களில் விளக்குக்கும் பூசைக்கும் பிறர் அளித்த பொன்னும் நிலமும் குறிக்கப்பெற்றிருந்ததனால், அவற்றையெல்லாம் புதிய சுவரில் மறுபடி வெட்டுவித்து, இவை பழங்கற்படி என்ற குறிப்பையும் சேர்த்துப் பொறிக்கச் செய்தார். தம் திருப்பணியின் புகழே போதும் என்று எண்ணியிருந்தால், பெயர் தெரியாத ஒருவர் வைத்த நந்தாவிளக்கின் கணக்கைக் காக்க அவர் ஒரு கல்தச்சனுக்கும் கூலி கொடுத்திருக்க வேண்டியதில்லை. இது படி, மூலமன்று என்று மறைக்காமல் எழுதிய அந்த நேர்மைக்கும், பழங்கல் கண்முன் இருக்கும்போதே படியெடுத்துக்கொண்ட அந்த முன்யோசனைக்கும் நான் தலை வணங்குகிறேன்.

இவ்வளவு பக்தியோடு இதனைச் சொல்வதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. பத்தாண்டுகளாக என் குடும்ப வரவுசெலவைக் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு மென்பொருளில் எழுதி வந்தேன். ஓர் ஐப்பசி மழையிரவில் மின்சாரம் போய்த் திரும்பியபோது இயந்திரம் எழவில்லை. பழுது பார்ப்பவர் வட்டைக் கழற்றிப் பார்த்து, இதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று கூறிவிட்டார். தந்தையாரின் வைத்தியச் செலவும், வீட்டுக் கடனின் தவணைகளும், பெண்ணின் படிப்புக்குச் சேர்த்த தொகையும் ஒரே நொடியில் இல்லாமற் போயின. சித்திரை மாதத்தில் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த படி ஒன்று பீரோவில் அகப்பட்டது. ஆனால் அதனைத் திறக்கவல்ல பழைய மென்பொருள் கடைகளில் இல்லை. புதியதோ அந்தக் கோப்பை அறியவில்லை. தங்கை மகன் தன் பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த பிறகே அது வாய் திறந்தது. சித்திரைக்குப் பிந்திய ஆறு மாதங்களை வங்கிப் பாஸ்புக்கையும் மளிகைக்கடைச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு வரிவரியாகத் திரும்ப எழுதினேன்.

பொருள் கிடைப்பது வேறு, அதனைப் படிக்க முடிவது வேறு என்பது அந்த நாட்களில்தான் எனக்கு விளங்கிற்று. திருவாலங்காட்டு ஏடுகளும் அவ்விரண்டாம் பிரயாசைக்காகக் காத்திருந்தவையே. வடமொழிப் பகுதிக்குக் கிரந்தம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்ப் பகுதிக்கு அக்காலத்து எழுத்தும், கலம், தூணி, குறுணி, நாழி என்னும் அளவைகளும் தெரிந்திருக்க வேண்டும். இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி ஆகியவற்றைத் திண்ணைப் பள்ளியில் வாய்ப்பாடாகச் சொல்லிப் பழகிய தலைமுறை அருகிவந்த காலம் அது. ஹுல்ஷ் துரை 1886-இல் சென்னை அரசாங்கத்தின் சாசன ஆராய்ச்சியாளராக நியமனம் பெற்றது முதல், வெங்கையாவும் கிருஷ்ண சாஸ்திரியும் ஊர் ஊராகச் சென்று மைப்படி எடுத்துச் சேகரித்த அறிவு இருந்ததனாலேயே, கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்த தென்னிந்தியச் சாசனத் தொகுதியில் 1920-இல் பழையனூரின் கணக்கு அச்சேறிற்று. அச்சும் ஒரு படிதான். அதுவே இன்று நம் மேசைகளில் இருக்கிறது.

இப்பொழுது மாதப் பிறப்புதோறும் என் கணக்கை இரண்டு படி எடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்து வைக்கிறேன். அதன் உறையின்மேல் தேதியையும், எந்த மென்பொருளில் அது திறக்கும் என்பதையும் எழுதி, அவற்றின் கீழே பழங்கற்படி என்ற சொல்லையும் எழுதிவிடுகிறேன்.